பதினோரு படத்தில் ஒரே சிரிப்பு

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் இடது கன்னம் வீங்கிப் போயிருந்தது. ஏதோ லேசாக என்று நினைக்க வேண்டாம். முழு எலுமிச்சம்பழம் ஒன்றை வாய்க்குள் ஒதுக்கி வைத்த மாதிரி. கடைவாய்ப் பல் நாலு நாளாகவே எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. மனிதர் வெளிநாட்டில் லிப்ட் மெக்கானிக். முப்பது மாடி உயரத்தில், இருட்டுக் குழிக்கு மேல் ஒரு பலகையில் நின்றுகொண்டு இரும்பு வடத்துக்கு எண்ணெய் போடுகிறவர். அப்பேர்ப்பட்டவருக்குப் பல் டாக்டரின் நாற்காலி என்றால் மட்டும் கை கால் உதறும். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒத்திப்போட்டார். பல் அதற்குச் சம்மதிக்கவில்லை.

மேடையில் அவர் நின்ற கோலத்தைப் பார்த்து, பெண் வீட்டார் நாலு சாத்து சாத்தித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று வந்தவர்கள் கேலி பேசினார்கள். கல்யாணப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். வயது முப்பத்து மூன்று. இனிமேல் எங்கே என்று சொந்த அண்ணனே கைகழுவிவிட்ட பிறகு நடந்த கல்யாணம். சிரிக்காமல் என்ன செய்வாள்?

அந்தப் பெண்ணைக் கடைத்தெருவில் 'டச்சப்' என்றால்தான் தெரியும். பதிமூன்று வருடமாக ஒரே போட்டோ ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து கல்யாணப் படங்களைத் திருத்துகிறாள். அறையின் நாலு சுவருக்கும் சாம்பல் நிறம் அடித்திருக்கும்; வேறு நிறம் இருந்தால் திரையில் தெரியும் நிறம் கண்ணை ஏமாற்றிவிடும் என்பாள். ஜன்னலில் கறுப்புத் தாள். மூடிய கண்ணைத் திறப்பாள், வழுக்கையில் முடி நடுவாள், வேர்வையைத் துடைப்பாள். சண்டை போட்டுக்கொண்ட சித்தப்பாவைக் குடும்பப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்தாள். ஆறு மாதம் கழித்து சமாதானமாகிவிட்டோம், திரும்பச் சேருங்கள் என்று வந்து நின்றார்கள். அதையும் செய்தாள். சித்தப்பாவை முன்பைவிடக் கொஞ்சம் ஒல்லியாகவே சேர்த்தாள், புண்ணியமாகப் போகட்டும் என்று.

அப்படிப்பட்டவள் தன் கல்யாண ஆல்பத்தை விட்டுவைப்பாளா? அவள் விட்டாலும் மாமியார் விடுவதாக இல்லை. ஸ்டூடியோவுக்கே வந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்மா, காலத்துக்கும் இருக்கப்போற ஆல்பம். எம்புள்ள மூஞ்சி இப்படியா இருக்கணும்?"

"சரி பண்ணிடறேன் அத்தை. கவலைய விடுங்க."

முதலில் கன்னத்தை மட்டும் உள்ளே தள்ளிப் பார்த்தாள். யாரோ அசலூர் ஆள் மாதிரி ஆகிவிட்டார். பிறகு, நிச்சயம் பேச வந்த அன்று எடுத்த படம் ஒன்றை எடுத்தாள். அதில் அவர் யாரோ சொன்ன ஜோக்குக்கு வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கத்தரித்து, முகம் நேராகத் தெரியும் படங்களில் எல்லாம் பொருத்தினாள். மொத்தம் பதினோரு படம். மூன்று நாள் வேலை. மாமியார் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். "இதுதான்டி எம்புள்ள" என்று திரையைத் தடவினார்.

ஆல்பம் அச்சுக்குப் போனதும் மூலப் படங்களை அழித்துவிடுவது ஸ்டூடியோ வழக்கம். இடம் வேண்டுமே, அடுத்த கல்யாணம் வரிசையில் நிற்கும். யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவள் யோசித்ததில்லை, தன் கல்யாணத்துக்கும் யோசிக்கவில்லை. ஒரு பட்டனைத் தட்டினாள், வீங்கிய கன்னம் உலகத்தைவிட்டே போய்விட்டது.

கல்யாணமாகிப் பதினேழாம் நாள் அவர் விமானம் ஏறினார். அதற்குப் பிறகுதான் வீட்டில் அந்தப் பெரிய பேச்சு ஆரம்பித்தது: இவளை எந்த வழியில் அனுப்புவது?

செல்போன் கடை மாடியில் ஒரு கன்சல்டன்சி இருந்தது. சுவர் முழுக்கப் பட்டமளிப்புத் தொப்பியோடு சிரிக்கும் பிள்ளைகள். நாலு நாட்டு நேரம் காட்ட நாலு கடிகாரம், அதில் ஒன்று நின்றுபோய் மாதக் கணக்காகிறது. கன்சல்டன்சிக்காரர் டையைச் சரிசெய்துகொண்டு கணக்காகச் சொன்னார்.

"மேடம், வழி ரெண்டு. உங்க ஹஸ்பெண்ட் உங்களை ஸ்பான்சர் பண்றது ஒண்ணு. ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம், கடவுள் விட்ட வழி. இன்னொண்ணு ஸ்டூடண்ட் விசா. ஒரு டிப்ளமோல சேர்றீங்க, மூணே மாசத்துல பறந்துடலாம். அங்க போய் இறங்கின பிறகு மத்ததைப் பாத்துக்கலாம்."

"டிப்ளமோ எதுல சார்?"

"எதுவா இருந்தா என்ன மேடம்? ஓட்டல் நிர்வாகம்னு போட்டுக்கலாம்."

வாழ்க்கையில் ஒரு ஓட்டல் அறையில் அவள் படுத்து எழுந்ததுகூட இல்லை. இருந்தாலும் தலையாட்டினாள். மூன்று மாதம் என்றதும் மனசு எங்கேயோ போய்விட்டது. அவர் ஒரு மாதிரிக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். மாணவியாகப் போகிறவள் அந்நாட்டு அதிகாரிக்குத் தன் கைப்பட எழுதித்தர வேண்டியது. பாதி கடிதம் அச்சில் இருந்தது, மீதியை நிரப்ப வேண்டும். நடுவில் ஒரு வரி: 'படிப்பு முடிந்ததும் நான் கட்டாயம் நாடு திரும்புவேன். ஏனென்றால்...' பிறகு நாலு வரிக்குப் புள்ளி புள்ளியாக இருந்தது.

"இதை நல்லா அழுத்தமா எழுதணும் மேடம். ஏன்னா ஹஸ்பெண்ட் அங்கேயே இருக்காரு. நீங்க அங்கேயே தங்கிடுவீங்கன்னு சந்தேகப்படுவாங்க. அவரை விட்டுட்டுக் கண்டிப்பா திரும்பி வந்துடுவீங்கன்னு அவங்களை நம்ப வைக்கணும். இல்லன்னா கல்யாணமே ஆகலைன்னு போட்டுடலாம், எத்தனையோ பேர் போடறாங்க."

"அப்புறம் அவர் ஸ்பான்சர் பண்ணும்போது? ரெண்டு பைலும் ஒரே ஆபீசுக்குத்தானே சார் போகும்? ஒரு படத்துல ஆளை எடுத்துட்டா எல்லாப் படத்துலயும் எடுக்கணுமே."

கன்சல்டன்சிக்காரருக்கு உவமை புரியவில்லை. டையை இன்னொரு முறை சரிசெய்துகொண்டார்.

மறுநாள் மதியம் சாம்பல் நிற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். 'ஏனென்றால்' வரைக்கும் வந்தாள், பேனா நின்றுவிட்டது. வயதான அம்மா என்று எழுதலாம். அம்மா அண்ணன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். வேலை காத்திருக்கிறது என்று எழுதலாம். முதலாளி கையெழுத்துப் போடத் தயார். பொய் எழுத அவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? ஆனாலும் கை ஓடவில்லை. பக்கத்து அறையில் முதலாளி யாரையோ "கொஞ்சம் சிரிங்க சார், காசா பணமா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வருடம் கழித்து ஒரு மனிதர் கிடைத்தார், அவரோடு பதினேழு நாள் இருந்தேன், அதற்குள் அவரை விட்டுவிட்டு ஏன் திரும்பி வருவேன் என்று காரணம் எழுதச் சொல்கிறார்களே என்று அவளுக்குத் தாங்கவில்லை. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள்.

யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். போனில் அவரிடம், "எனக்கு இந்த வயசுல படிப்பெல்லாம் ஏறாதுங்க. நீங்க ஸ்பான்சரே பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாள். அவரும் "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார். நாத்தனார்தான் விடவில்லை. மூன்று மாதத்தில் போய்ச் சேராமல் இங்கே உட்கார்ந்து என்ன வெட்டி முறிக்கப்போகிறாள் என்று காது கேட்கவே சொன்னாள். டச்சப் ஒற்றைக்காலில் நின்றாள்.

ஸ்பான்சர் பைல் கிளம்பியது. கல்யாணப் பதிவுச் சான்று, பேசிய போன் அழைப்புகளின் பட்டியல், அவர் வேலைபார்க்கும் கம்பெனிக் கடிதம், கூடவே கல்யாணப் படங்கள் இருபது. இருப்பதிலேயே அழகான இருபதைப் பொறுக்கி, பளபளவென்று அச்சுப்போட்டு வைத்தாள். பாஸ்போர்ட் படத்தில் ஒரு மரு இருந்தால்கூடத் தொடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா? வாடிக்கையாளரிடம் தினமும் அவளே சொல்கிற பாடம் அது. ஆனால் கல்யாணப் படம் வேறு ஜாதி என்று அவள் நினைத்தாள். அதைத் திருத்தாமல் கொடுப்பது, சட்டையை இஸ்திரி போடாமல் கொடுப்பது மாதிரி. தப்பு என்று தோன்றவே இல்லை, அதுதான் விஷயம்.

பதினாலு மாதம் போனது. அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடி லிப்ட் ரூமிலிருந்து கூப்பிடுவார், இங்கே அவள் சாயங்காலம் கடை சாத்தும் முன் கடைசி ஆல்பத்தில் இருப்பாள். அவர் சாப்பிடும் சத்தம் கேட்கும். வலது பக்கமாக மெல்லுகிற சத்தம் என்பாள் அவள், அதெல்லாம் எப்படிக் கேட்கும் என்பார் அவர். அப்படியே நாளை ஓட்டினார்கள்.

அப்புறம் ஒரு நாள் அந்தக் கடிதம் வந்தது. சமர்ப்பித்த இருபது புகைப்படங்களில் பதினொன்றில் கணவரின் முகபாவம் இம்மி பிசகாமல் ஒன்றாகவே இருக்கிறது. அவற்றுள் மூன்றில் மற்றவர்கள் முகத்தில் வெளிச்சம் வலதிலிருந்தும் கணவர் முகத்தில் மட்டும் இடதிலிருந்தும் விழுகிறது. கணவர் அந்நிகழ்வில் கலந்துகொண்டாரா என்பதே ஐயத்துக்குரியது. முப்பது நாளுக்குள் திருத்தப்படாத மூலப் படங்களும் விளக்கமும் தரவேண்டும்.

படித்த கையோடு அந்த மூன்று படத்தையும் திரையில் திறந்து பார்த்தாள். உண்மைதான், வெளிச்சம் இடதிலிருந்து விழுகிறது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அழுததில் கவனிக்காமல் விட்டுவிட்டாள். பயத்திலும் அவளுடைய தொழில் புத்தி போகவில்லை. "கண்ணுன்னா அது கண்ணு. அந்த ஆபீசரை நம்ம ஸ்டூடியோவுக்கு வேலைக்கு வரச் சொல்லணும்" என்றாள் முதலாளியிடம். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

கன்சல்டன்சிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பொய் ஆதாரம் குடுத்ததா முடிவு பண்ணிட்டாங்கன்னா முடிஞ்சுது மேடம். அஞ்சு வருஷத்துக்கு எந்த விசாவும் கிடையாது. பேசாம இந்தப் பைலை வாபஸ் வாங்கிடுங்க. காலேஜ்ல சீட்டு இப்பவும் வாங்கித் தர்றேன், இந்த மாசக் கடைசி வரைக்கும் டயம் இருக்கு. ஸ்டூடண்டா போயிடுங்க."

"வாபஸ் வாங்காம விளக்கம் எழுதினா?"

"ஸ்டூடியோ கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுன்னு எழுதலாம். நம்புவாங்களான்னு தெரியாது."

"கோளாறுல ஒரே சிரிப்பு பதினோரு தடவை வருமா சார்?"

அவர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

சாயங்காலம் கணவர் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னாள். மொட்டை மாடிக் காற்று போனில் இரைந்தது. அவர் சத்தம் அதற்கு மேல் இருந்தது.

"அந்த சீட்டை வாங்கிட்டுக் கெளம்பி வா. இனிமே என்னால முடியாது. ரூம்ல இன்னொருத்தன்கூடப் படுத்துக்கிட்டு, காலைல எந்திரிச்சா அவன் மூஞ்சிதான், ராத்திரி படுத்தா அவன் மூஞ்சிதான்."

"ஸ்டூடண்ட் விசா வேணாங்க."

"ஏன் வேணாம்? அன்னைக்கே வேணாம்னே. படிப்பு ஏறாதுன்னே. யாரு உன்னைப் படிக்கச் சொன்னது? உனக்கு இங்க வர்றதுக்கே இஷ்டமில்லையோன்னு தோணுது எனக்கு."

அது சுருக்கென்று தைத்தது. பதினாலு மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"அந்தப் பேப்பர்ல என்ன எழுதச் சொல்றாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? படிப்பு முடிஞ்சா உங்களை விட்டுட்டுப் போயிடுவேன்னு எழுதணும். ஏன் விட்டுட்டுப் போவேன்னு காரணமும் எழுதணும். பொய்தான். எல்லாரும் எழுதறாங்கதான். எனக்குப் பொய்யாக்கூட எழுத வரல."

"பதினோரு படத்துல பொய் மூஞ்சி ஒட்ட வந்துச்சே, இது வரலையா?"

போன் துண்டிக்கப்பட்டது. அவர் வைத்தாரா இவள் வைத்தாளா என்பது இன்றுவரை இருவருக்குள்ளும் வழக்கு. அதற்குப் பிறகு நாள் கணக்கில் அவர் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை.

அந்த நாட்களில் வாடிக்கையாளர் வீட்டு மாப்பிள்ளைகள் திரையில் வந்து வந்து போனார்கள். ஒருவருடைய நெற்றித் தழும்பை எடுக்கச் சொல்லிக் குறிப்பு இருந்தது. எடுக்கக் கை போனது, நின்றது. கணவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் அவளை உறுத்தியது. அந்த மூஞ்சியை அழிக்கச் சொல்லி அவர் கேட்டாரா? இல்லை. வீங்கிய கன்னத்தோடு நாலு பேர் முன்னால் நாள் முழுக்க நின்றார், வலியோடு அத்தனை பேருக்கும் கைகுலுக்கினார். வெட்கப்பட்டது அவரில்லை, இவள்தான். கட்டிக்கொண்ட மனிதரின் முகத்துக்காக வெட்கப்பட்டு அதைத் துடைத்துப் போட்டவள், பொய் எழுத வராது என்று பெருமை வேறு பேசுகிறாள். அவளுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது.

சரி, அந்த முகம் இப்போது யாரிடமாவது இருக்கிறதா? மாமியாரிடம் போனாள்.

"அத்தை, கல்யாணத்தன்னைக்கு உங்க போன்ல எடுத்த படமெல்லாம் இருக்கா? கன்னம் வீங்கினது?"

"சீச்சீ. அதையெல்லாம் அன்னைக்கே அழிச்சுட்டேனே. கண்ணு பட்டுடும்னு உன் நாத்தனார் போன்லயும் நான்தான் அழிச்சேன்."

"வீங்கின கன்னத்தை யாரு அத்தை கண்ணு வைக்கப்போறாங்க?"

"அதைச் சொல்ல முடியுமா?"

நாத்தனாரின் மாமனார், அண்ணனின் சிநேகிதர்கள், மண்டபத்து மேனேஜர், ஒருவரை விடவில்லை. எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள். அசிங்கமாக இருந்தது, எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அழித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் உற்சாகமாக ஒரு படம் அனுப்பினார். அதில் மாப்பிள்ளைக்கு முதுகுதான் தெரிந்தது.

முப்பதில் பத்தொன்பது நாள் போயிருந்தது. அன்றைக்கு முதலாளிக்குப் பல் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு வந்து, "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் எந்த டாக்டர்கிட்ட பிடுங்கினாரு?" என்று கேட்டார். அவள் அவர் கன்னத்தையே பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். பாவம், முதலாளி கன்னத்தோடு அப்படியே நின்றார்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அந்தப் பல் ஆஸ்பத்திரியில் உட்காரவைத்தவள் அவள்தான். புதுப் பெண்டாட்டி முன்னால் பயத்தைக் காட்டக்கூடாது என்று அவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார், முழங்கால் மட்டும் ஆடியது. ஆஸ்பத்திரி வரவேற்பில் அதே நர்ஸம்மாதான் இருந்தார். தேதியைச் சொன்னதும் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"இருக்கும்மா. மூணு வருஷம் வைச்சிருப்போம். பிடுங்கறதுக்கு முன்னாடி எடுத்த படம் ரெண்டு இருக்கு. சம்மதக் கடிதமும் இருக்கு."

திரையைத் திருப்பினார். முதல் படத்தில் கன்னம். அதே கன்னம், அதே எலுமிச்சம்பழம், மேலே தேதியும் நேரமும். இரண்டாவது படத்தில் அவர் வாயை அகலத் திறந்திருக்கிறார். பார்க்கச் சகிக்காத படம். தாடையைத் தாங்கிப் பிடித்திருக்கும் கை டாக்டருடையது அல்ல. கையுறை இல்லை, புது மோதிரம் தெரிகிறது. அன்றைக்கு அவர் டாக்டரைத் தாடையைத் தொட விடவில்லை, "அவளைப் பிடிக்கச் சொல்லுங்க" என்று குழறினார். அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

சம்மதக் கடிதத்தின் அடியில் அவள் கையெழுத்து. உறவு என்ற இடத்தில் ஒரு புள்ளி மை ஊறி நின்றது. பேனாவை ஊன்றி யோசித்திருக்கிறாள். "கூட வந்தது யாரும்மா, எழுதுங்க" என்று இதே நர்ஸம்மா அதட்டினார் அன்று. அதற்குப் பிறகுதான் எழுதினாள்: மனைவி. அந்த வார்த்தையை அவள் முதன்முதலாக எழுதிய இடம் அதுதான். தாலுகா ஆபீசிலோ பாங்கிலோ இல்லை, ஒரு பல் ஆஸ்பத்திரியில். நர்ஸம்மாவின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதாள். அவர் எத்தனையோ பேர் பல்லுக்கு அழுது பார்த்தவர், இருந்தாலும் படத்தைப் பார்த்து அழுகிறவளை அன்றைக்குத்தான் பார்த்தார்.

விளக்கத்தை அவளே எழுதினாள். கம்ப்யூட்டர் கோளாறு என்று கன்சல்டன்சிக்காரர் எழுதிக் கொடுத்த வரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதிகாரிக்கு வணக்கம். அந்தப் பதினோரு படத்தையும் திருத்தியது நான்தான். என் தொழில் அது. கல்யாணத்தன்று என் கணவருக்குப் பல் வலி, கன்னம் வீங்கியிருந்தது. அவர் என்னைத் திருத்தச் சொல்லவில்லை, நான்தான் வெட்கப்பட்டுச் செய்தேன். மூலப் படங்களை நானே அழித்தேன். அவருடைய உண்மையான முகம் பல் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பு என்னுடையது, அவருடையது அல்ல. இவ்வளவுதான் எழுதினாள்.

"மேடம், இது ஒப்புதல் வாக்குமூலம்" என்றார் கன்சல்டன்சிக்காரர். "இதை வைச்சே உங்களை முடிச்சுடுவாங்க. சீட்டுக்கு இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டயம். கடைசியாக் கேக்கறேன்."

"சீட்டு வேணாம் சார். யாராவது படிக்கிற புள்ளைக்குக் குடுங்க."

வெளியே வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஐந்து வருடம். அப்போது அவளுக்கு நாற்பது. கூரியர் ஆபீஸ் வரைக்கும் நடந்து போய், கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு படத்தையும் கணவருக்கும் அனுப்பினாள். ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"இது எப்ப எடுத்தாங்க?"

"நீங்க கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இருந்தப்ப."

"அந்தக் கை உன்னுதுதானே?"

"வேற யாரு கை?"

"அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா."

"தப்புதான். ஆனா கேட்டது சரி."

அதற்குமேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. என்ன ஆகுமோ என்ற பயம் மட்டும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தது.

ஏழாவது வாரம் அவரை நேரில் வரச்சொல்லிக் கடிதம் போனது. அன்றைக்குக் காலையிலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு மணப்பெண்ணின் கம்மலை இரண்டு முறை அழித்துவிட்டாள். முதலாளி வந்து, "நீ சும்மா உக்காரு தாயே, அதுவே பெரிய உபகாரம்" என்று மௌஸைப் பிடுங்கிக்கொண்டார். சாயங்காலம் நாலே முக்காலுக்குப் போன் அடித்தது.

"என்னாச்சுங்க?"

"இரு, முதல்லேர்ந்து சொல்றேன்."

"முதல்லேர்ந்து வேணாம், முடிவைச் சொல்லுங்க."

"முதல்லேர்ந்துதான் சொல்லுவேன். ஆபீசர் ஒரு அம்மா. அம்பத்தஞ்சு வயசிருக்கும், கண்ணாடி போட்டவங்க. நம்ம பைலைப் பிரிச்சு வைச்சிருந்தாங்க. எந்தப் பல்லுன்னாங்க. கீழ, இடது பக்கம், கடைசிக்கு முன்னாடின்னேன். வாயைத் திறங்கன்னாங்க."

"ஐயையோ, திறந்தீங்களா?"

"ஆமா. டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. டாக்டர்கூட அவ்வளவு நேரம் பாக்கல. ஓட்டை இருக்குன்னு எழுதிக்கிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறம்?"

"ஒன்றரை வருஷமா தனித்தனியா இருக்கீங்களே, சீக்கிரமா வர்றதுக்கு வேற வழி எதுவும் பாக்கலையான்னு கேட்டாங்க. பாத்தோம்னேன். ஸ்டூடண்ட் விசாவுல வந்துடுன்னு நான்தான் சண்டை போட்டேன், அவதான் வரலைன்னேன். ஏன்னாங்க." காற்று இரைந்தது. "படிப்பு முடிஞ்சதும் என்னை விட்டுட்டுத் திரும்பிப் போயிடுவேன்னு எழுதணும், பொய்யாக்கூட அதை எழுத வரலைன்னுட்டா மேடம்னு சொன்னேன். நீ சொன்னப்ப எனக்குக் கோபம்தான் வந்துச்சு. வேற ஒருத்தர்கிட்ட என் வாயால சொல்லும்போதுதான் அது என்னன்னே புரிஞ்சுது. அழுதுட்டேன்மா. அந்த அம்மா முன்னாடி, சின்னப் புள்ள மாதிரி."

டச்சப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அவங்க டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினாங்க. பைலை மூடினாங்க. ஒரு சீல் எடுத்துக் குத்தினாங்க. 'ரூம்ல ஆளோட தங்கியிருக்கறதா எழுதியிருக்கீங்க, சீக்கிரமா ஒரு வீடு பாருங்க'ன்னாங்க. ஏம்மா? கேக்குதா? லைன்ல இருக்கியா?"

முதலாளி வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார். சாம்பல் நிறச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் கண்ணைத் துடைத்தாள்.

"கேக்குதுங்க. உங்ககிட்ட தலகாணி எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"இன்னொண்ணு வாங்கிடுங்க."